கசடு கேட்டவர்

அரியலூரில் நான் லாரிப் பட்டறை வைத்திருந்தபோது, 2003 வாக்கில், ஓர் ஆராய்ச்சி மாணவி மாதம் ஒருமுறை கழிவு ஆயில் கேட்டு வருவார். ஒல்லியான உருவம், துப்பட்டா முனையில் எப்போதும் ஆயில் கறை. வாங்கிய பாட்டிலை வெயிலில் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்க்காமல் கிளம்ப மாட்டார்.

முதல் தடவை, படித்த பிள்ளைக்கு அழுக்காகக் கொடுப்பதா என்று துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"வடிகட்டிட்டீங்களாண்ணே? இரும்புத்தூள், கரி எல்லாம் கெடக்கணும்."

"அதை வச்சு என்னம்மா பண்ணுவீங்க?"

"கடல்ல மெதந்த கட்டையிலேர்ந்து ஒரு பூஞ்சை எடுத்திருக்கேன். ஆயிலைத் தின்னுது. இந்த வெஷத்தையும் தாங்குதான்னு பாக்கணும்ண்ணே."

கடைசியாக வந்தபோது உப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காட்டினார். மேலே மிதந்த என் கறுப்பு ஆயில் திட்டுத்திட்டாகப் பிரிந்திருந்தது. நடுவில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ வளர்ந்திருந்தது.

"ஒங்க கசடுலயும் உசுரோட இருக்குண்ணே" என்று சிரித்தார். பிறகு வரவே இல்லை.

பட்டறைக்குப் பின்னால் நான் வருஷக்கணக்கில் ஆயில் கொட்டிய இடத்தில் இன்றும் புல் முளைப்பதில்லை. கடல் பூஞ்சை இந்த மண்ணில் பிழைக்குமா, தெரியாது. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம், அன்றைக்கு அந்தப் பாட்டிலில் கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்று தோன்றும்.