பாஸ்

இன்று காலை, எதிர்வீட்டில் தறி நெய்யும் தனம் அக்கா மைசூர்பாக்கு டப்பாவுடன் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.

"எங்கண்ணன் பாஸ் ஆயிட்டாரும்மா!"

அண்ணன் கனடாவில் இருக்கிறார். டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை ஃபெயில். இந்த வாரம் மூன்றாவது முறை.

நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். அண்ணனுடன் அறையில் தங்கியிருப்பவர் அனுப்பிய மெசேஜைக் காட்டி, அக்கா போனை என்னிடம் கொடுத்தார்.

'சாரி. யுவர் பிரதர் பாஸ்ட் திஸ் மார்னிங்.'

"லேட்டா சொல்றாருல்ல, அதான் சாரி கேக்கறாரு. இங்கிலீஷ்ல ஒரு தேங்க்ஸ் போட்டுக் குடும்மா."

வாயில் இருந்ததை ஒரு தாளில் துப்பினேன். ஆங்கிலத்தில் 'பாஸ்ட்' என்ற சொல்லுக்கு இறந்துவிட்டார் என்றும் பொருள் உண்டு.

அக்காவை உட்காரவைத்தேன். "அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா."

"எங்க, வேலைக்கா?"

வேறு வழியில்லை. "செத்துட்டாருக்கா" என்றேன்.

அக்கா அழவில்லை. போனை வாங்கி எழுத்தெழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தார். "பாஸ்னுதானம்மா போட்டிருக்குது?"

இப்போதும் அதையேதான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அங்கிருந்து உடலைக் கொண்டுவர யாரிடம் பேச வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து தமிழில், ஒரே அர்த்தம் வருகிற மாதிரி.