எங்கள் வீட்டு டிவியில் உட்கார்ந்திருந்த மனிதர்

என் வீட்டுக்காரர் விநாசித்தம்பி யாரையும் எதையும் ஏவ மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி இருக்கா, வள்ளி?" என்பார். கதவைச் சாத்த வேண்டுமென்றால் "காத்து வருது" என்பார். கல்யாணமான புதிதில் இதை மரியாதை என்று நினைத்து ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். பிறகு எரிச்சல்தான் வந்தது. "கொண்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுஷருக்கு வாய் தேய்ந்தா போய்விடும்?

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். இங்கிலீஷ், மலாய், தமிழ் மூன்றும் சுத்தமாகப் பேசுவார். ஆனால் ஒரு தொழிலாளி தமிழில் சொல்வதை அதிகாரிக்கு எடுத்துச் சொல்லக் கூப்பிட்டால் போதும், ஆள் கம்பி நீட்டிவிடுவார். அதனாலேயே பெரிய கிராணி பதவி இன்னொருவருக்குப் போயிற்று. எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு வந்த குடும்பங்களில் இது சின்ன விஷயமா? என் அண்ணன்மார் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பேச்சு இன்னும் குறைந்தது. டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு லோரோங்கில், சின்னச் சந்தில், எங்கள் வரிசை வீடு. காலையில் கூடத்தில் உட்கார்ந்தாரென்றால் சாப்பிடத்தான் எழுந்திருப்பார். நான் சுவரோடு பேசிப் பழகிவிட்டேன்.

எண்பத்தெட்டாம் வருஷம் எங்கள் மகள் யோகலட்சுமி ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. ஜப்பானுக்குத் திரும்பிய எஞ்சினியர் ஒருவர் தன் வீட்டுச் சாமான்களை ஆபீஸ் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒருத்திக்கு ரைஸ் குக்கர், ஒருத்திக்கு இஸ்திரிப் பெட்டி, எங்கள் மகராசிக்கு வாய்த்தது வீடியோ கேம் பெட்டி. கூடவே ஒரு பை நிறைய கேசட்டுகள்.

ஜப்பான் மின்சாரம் வேறு, நம் மின்சாரம் வேறு என்பதால் டிவி ரிப்பேர் பார்க்கும் தங்கராஜு வந்து நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொடுத்தார். படம் வந்தது, நிறம் வரவில்லை.

"நம்ம டிவிக்கு அந்தக் கலர் ஏறாதுக்கா. கறுப்பு வெள்ளையா வந்ததே பெரிசு. அப்படியே பாருங்க லா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

யோகலட்சுமி கேசட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் குதிப்பதும் சுடுவதும்தான். ஒன்றில் மட்டும் இரண்டும் இல்லை. ஒரு வீட்டின் படம், பக்கத்தில் வரிசையாக எழுத்து, கீழேயும் எழுத்து. கையிலிருந்த பொத்தானை அமுக்கினால் ஒரு சின்ன விரல் படத்தின் மேல் நகர்ந்தது. எதைத் தொட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் கதை நகரும், தெரியாவிட்டால் அப்படியே நிற்கும்.

"இது ஸ்டோரி கேம்மா. ஃபுல்லா ஜப்பான் எழுத்து. யாருக்கு வாசிக்கத் தெரியும்?" என்று அவள் கேசட்டைப் பிடுங்கப் போனாள்.

"மேலே 'போ'ன்னு போட்டிருக்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அவர் டிவியைப் பார்த்தபடி வரிசையாக வாசித்தார். "போ. கூப்பிடு. கேள். காட்டு. தேடு. எடு." கொஞ்சம் நின்று, "அடி," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி வார்த்தைகள் வந்து நான் கேட்டதில்லை. வீட்டுக்குள் வேறு யாரோ பேசின மாதிரி இருந்தது.

"ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்து ஸ்கூல்லே படிச்சது. அவங்க எழுத்தும் 'அ, இ, உ, எ, ஒ'ன்னுதான் ஆரம்பிக்கும். நம்ம பிள்ளைங்களுக்கு ஈஸி," என்றார். ஜப்பான் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று யார் கேட்டாலும் "மரவள்ளிக் கிழங்கு தின்னோம்" என்று முடித்துக்கொள்கிறவர். அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில் நானும் கிழங்கு தின்று வளர்ந்தவள்தான் என்பதால் தோண்டிக் கேட்டதில்லை.

அதற்கப்புறம் வந்த வாரங்கள், ஒளிக்காமல் சொல்கிறேன், என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் டிவி முன்னால் பாய் போட்டு உட்காருவார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பேன். அவர் வாசித்துத் தமிழில் சொல்வார். ஒரு துறைமுகப் பட்டணம். பணக்காரர் ஒருவர் பூட்டிய அறையில் செத்துக் கிடக்கிறார். விளையாடுகிறவர்தான் போலீஸ்காரர். மேசையைத் தேடு, சாவியை எடு, வேலைக்காரியைக் கூப்பிடு, அவளிடம் படத்தைக் காட்டு.

"செத்தவனோட மருமகன்தான். அவன் முழியே சரியில்லே," என்பேன்.

"பொம்மைக்கு எல்லாம் ஒரே முழிதான் வள்ளி," என்று சிரிப்பார். மனுஷர் சிரித்தார்! சந்தையில் மீன் வாங்கும்போதும் எனக்கு அந்தக் கொலைகாரன் நினைப்புத்தான்.

பிறகு அந்தக் கதையில் ஒரு தொழிலாளி வந்தார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கொலை நடந்த அன்று அந்த வீட்டுப் பக்கம் அவரைப் பார்த்ததாக யாரோ சொல்ல, போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு வெறும் அறையில் உட்கார வைத்தது. படத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, நாற்காலியில் அவர். தலை கலைந்து, சட்டைப் பொத்தான் திறந்து, நேராக நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது கண் சிமிட்டுவார். அசைவென்றால் அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் 'கேள்' போட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுத்து வந்தது. படத்தைக் காட்டினார், சாவியைக் காட்டினார், மறுபடி கேட்டார். எதற்கும் அதே பதில். அறை முழுக்க அந்த விரலை மேய விட்டார், ஒன்றும் கிடைக்கவில்லை. எழுத்து வரிசையில் அவர் இன்னும் தொடாதது ஒன்றே ஒன்றுதான் என்று எனக்கே தெரிந்தது.

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து குசினிக்குப் போனார். நான் டிவியை அணைக்கப் போனேன்.

"வேணாம் வள்ளி. அணைச்சா அவர் எங்கே போவார்?" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மறுநாளும் டிவி எரிந்தது, அதற்கு மறுநாளும் எரிந்தது. அவர் அதன் முன்னால் உட்காரவும் இல்லை, அதை அணைக்க விடவும் இல்லை. அந்த ஆள் எங்கள் கூடத்திலேயே குடியேறிவிட்டார். காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் கண் சிமிட்டுவார். சாமி விளக்கு ஏற்றினாலும் முதுகுக்குப் பின்னால் அவர்தான். நாங்கள் சாப்பிடுவதை அவர் பார்ப்பது போலிருந்ததால் நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டு நூர்ஜான் கூடத்தில் உட்கார்ந்து கதை பேசுகிறவள்.

"யாரு அக்கா இது, இப்படிப் பார்க்கறான்? எனக்கு மேலெல்லாம் கூசுது," என்று சொல்லி வாசலோடு போக ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. யோகலட்சுமி அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள், அவர் வரவில்லை. மனுஷர் இப்படியே உருகிப் போய்விடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. டிரான்ஸ்பார்மர் வேறு தொட முடியாத சூடு. டிவியில் தமிழ்ப் படம் போடும் நாளும் வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, இது வீடா, போலீஸ் லோக்காப்பா? ஒரு பொம்மைக்காக வீட்டையே கொளுத்தப் போறீங்களா? அந்த 'அடி'யை அமுக்குங்க. அவன் உண்மையைச் சொல்லட்டும், ஒழியட்டும். நீங்க அமுக்கலேன்னா நான் அமுக்கறேன்," என்று பாயில் கிடந்த பொத்தானை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார்.

"அடிச்சாலும் அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், வள்ளி. அவருக்குத் தெரியாது," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பாயில் உட்கார்ந்தார். டிவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அப்போ எனக்குப் பதினாறு வயசு. ஸ்கூல்லே ஜப்பான் பாஷைக்கு முதல் பரிசு நான்தான். ஜப்பான்காரங்க கடலோரத்திலே ஒரு பங்களா எடுத்து ஆளுங்களை விசாரிச்சுக்கிட்டிருந்தாங்க. தமிழ் தெரிஞ்ச பையன் வேணும்னு என்னைக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அரிசி கொடுத்தாங்க. எங்க வீட்டிலே எல்லாரும் அந்த அரிசியைத்தான் தின்னோம். கிழங்கு தின்னோம்னு உன்கிட்ட சொன்னது பொய்."

நானும் பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அய்யாக்கண்ணுன்னு ஒருத்தர். படகிலே மூட்டை ஏத்தறவர். அப்போ ரேடியோ வச்சிருக்கறதே குத்தம். அவர் ஒளிச்சு வச்சிருக்கார்னு யாரோ சொல்லிட்டாங்க. அதிகாரி ஜப்பான்லே கேப்பான், நான் தமிழ்லே கேக்கணும். ரேடியோ எங்கே? யார் கொடுத்தது? அவர் தெரியாதுன்னுவார். நான் அதை ஜப்பான்லே சொல்லணும். அப்புறம் அடி. அப்புறம் மறுபடியும் நான். அடிச்சது அவன்தான். ஆனா அவருக்குப் புரியற பாஷையிலே கேட்டுக்கிட்டே இருந்தது நான்தானே? அவர் அவனைப் பார்க்கவே இல்லை. என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தார். 'தம்பி, நீயாச்சும் சொல்லுப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு'ன்னார். நான் அதையும் ஜப்பான்லே மாத்திச் சொன்னேன். அவ்வளவுதான் செஞ்சேன்."

"அப்புறம்?"

"ஒரு நாள் காலையிலே போறேன், நாற்காலி காலி. தரையைக் கழுவி விட்டிருந்தாங்க. அவர் எங்கேன்னு அங்கே கேக்கத் தெரிஞ்ச தமிழ் ஆள் நான் ஒருத்தன்தான். நான் கேக்கலே, வள்ளி. அரிசியை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதர் என் பக்கத்தில் படுத்திருந்தார், அய்யாக்கண்ணுவும் கூடவே இருந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை. பெரிய கிராணி பதவிக்காக நான் இவரைக் குத்திக் காட்டிய நாளெல்லாம் அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிவியில் இருந்தவர் கண் சிமிட்டினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டேன்.

"'அடி'க்குக் கீழே ஒண்ணுமே இல்லையா?"

அவர் பொத்தானை எடுத்துக் கீழே தள்ளினார். எழுத்து வரிசை நகர்ந்து இன்னும் ஒரு வரி வந்தது.

"'விசாரணையை நிறுத்து'ன்னு ஒண்ணு இருக்கு," என்றார்.

"அதை ஏன் நீங்க தொடலே?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "அது அதிகாரி சொல்றது வள்ளி. நான் சொல்றது இல்லே."

அறுபது வயது தாண்டிய மனிதர் பதினாறு வயதுப் பையன் முகத்தோடு இதைச் சொன்னார்.

"இங்கே எந்த அதிகாரி இருக்கான்? நானும் நீங்களும்தான் இருக்கோம். பொத்தான் உங்க கையிலேதானே இருக்கு?"

"நிறுத்தினா ஆட்டம் தோல்வி. கொலைகாரன் யாருன்னு உனக்குத் தெரியாமலே போயிடும்."

"தெரியாமப் போனாப் போகட்டும்," என்றேன். மருமகன்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஆனாலும் போகட்டும்.

அவர் விரலை அந்த வரிக்குக் கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அமுக்கினார். "நிச்சயம்தானா, குற்றவாளி தப்பிவிடுவானே" என்று கேட்கிறதாம், வாசித்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். அதையும் அமுக்கினார்.

படம் ஒரு தடவை இருண்டு திரும்பி வந்தது. மேசை இருந்தது, நாற்காலி இருந்தது. அவர் இல்லை. கீழே ஏதோ எழுத்து ஓடியது, என் வீட்டுக்காரர் அதை வாசிக்கவில்லை. காலியான அந்த நாற்காலியைப் பார்த்து, தமிழில், அந்தக் காலத்துப் பையன் குரலில் பேசினார்.

"அண்ணே, போதும். வீட்டுக்குப் போங்க."

சாயங்கால வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. எனக்கு என்ன தோன்றிற்றென்று தெரியவில்லை, எழுந்து போய் வாசல் இரும்புக் கதவின் பூட்டைத் திறந்து, ஓர் ஆள் போகிற அளவுக்குத் தள்ளி வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.