மேற்குச் சுவர் மரம்

என் வீட்டு மேற்குச் சுவர் தெருவைப் பார்த்தது. பொழுது சாய்ந்தால் சூட்டில் அதில் கை வைக்க முடியாது. சுவருக்கு உள்பக்கம் என் வீட்டுக்காரரின் கட்டில். உப்பு மூட்டை தூக்கி இடுப்பு போனவர். கட்டிலை நகர்த்த இடமில்லை. ஒரே அறை. அந்தச் சுவருக்கு நிழல் வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தெருவில் நடுவதற்குப் பஞ்சாயத்திலிருந்து மரக்கன்று வந்தது. எங்கே எதை நடுவது என்று சொல்லும் பொறுப்பை என் ஓரகத்தி வாங்கிக்கொண்டாள். கொழுந்தன் பெண்டாட்டி. அடுத்த வீடு. பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் நல்ல பேச்சு கிடையாது.

என் சுவரோரம் மாங்கன்றை நட்டாள்.

"இங்க மாமரம் வராது," என்றேன்.

"மாங்கா துன்ன வாய் வலிக்குதா யக்கா? உனக்கு நல்லது செஞ்சாலும் பொறுக்காதே."

அங்கேதான் தெருக்குழாய். உப்பளத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கே கால் கழுவுவோம். உப்பு சுமக்கிற பாண்டுச் சட்டியை அலசுவோம். உப்போடு யாரும் வீட்டுக்குள் போவதில்லை. கால் வெடித்துப் புண்ணாகும். அத்தனை வருஷம் கழுவிய தண்ணீர் அந்த மண்ணில் இருக்கிறது. காய்ந்தால் வெள்ளை பூக்கும்.

கன்று ஓரம் கருகி, இலை கொட்டி, குச்சியாயிற்று. ஓரகத்தி தெருவே கேட்கக் கத்தினாள்.

"வேணும்னே உப்புத் தண்ணி ஊத்தி சாவடிச்சுட்டா! புருஷன் வெந்தாலும் பரவால்ல, நான் வெச்ச மரம் நிக்கக் கூடாது இவளுக்கு."

"உங்கால் இன்னா பன்னீர்லயா ஊறுது? காத்தால நீயும் இங்கதானே கழுவுன?"

குழாயடியில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அதை ஓரகத்தி இன்னும் மறக்கவில்லை.

கழுவுகிற இடத்தை மாற்றலாமா என்று மற்றவர்களைக் கேட்டுப் பார்த்தேன்.

"உன் சொவத்துக்காக நாங்க எங்க போய்க் கழுவுறது?" என்றார்கள்.

அனுமந்தைப் பக்கம் உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற கரையில் பூவரசு நிற்கிறது. பார்த்திருக்கிறேன். தடித்த கிளை ஒன்றை வெட்டிவந்து சுவரோரம் ஊன்றினேன்.

"பூவரசா? இதுல இன்னா காய்க்கும்? கம்பளிப்பூச்சிதான் காய்க்கும்," என்றாள் ஓரகத்தி.

"ஒரு மயிரும் காய்க்க வாணாம். நின்னா போதும்."

ஒரு நாள் விடிந்து பார்த்தால் பிடுங்கிக் கிடந்தது. யாரென்று கேட்கவில்லை. மறுபடி ஆழமாக ஊன்றினேன். சுற்றிலும் வேலிகாத்தான் முள்ளை அடைத்தேன். மறுநாள் ஓரகத்தியின் முழங்கையில் கீறல். அதையும் கேட்கவில்லை.

கிளை பிடித்துக்கொண்டது. மழைக்குத் தழைத்தது. சுவரை எட்ட அதற்குச் சில கோடை ஆயிற்று.

இந்தச் சித்திரையில், பொழுது சாயும் நேரம், சுவரில் கை வைத்தேன். எடுக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

ஓரகத்தி அளத்திலிருந்து வந்தாள். குழாயடியில், என் மரத்து நிழலில் நின்று பாண்டை அலசினாள். என்னைப் பார்த்துக்கொண்டே அந்த உப்புத் தண்ணீரை நேராக வேரில் கொட்டினாள்.

"சாவும் பாரு."

"ஊத்து," என்றேன். "ரெண்டு காலையும் கழுவிட்டுப் போ."