ரூவிக்குப் போன இட்லிப் பொடி

பிப்ரவரி இரண்டாவது வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து மஸ்கட்டுக்கு பஸ்ஸில் போய் வந்தேன். இந்த வலைப்பதிவை வழக்கமாகப் படிப்பவர்கள், "மஸ்கட் கோட்டையெல்லாம் போன வருஷமே எழுதியாச்சே" என்று கேட்கலாம். இந்த முறை கோட்டை பார்க்கப் போகவில்லை. என்னால் வேலை போன ஒருவன் மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஓர் அறையில் இருந்தான். சனிக்கிழமை மதியம் அவனுக்கு ஊருக்கு விமானம். அதற்குள் அவனிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் நேரம், கட்டணம் எல்லாம் வழக்கம்போல எழுதியிருக்கிறேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்பது அவன் போட்ட நிபந்தனை.

அவன் பெயர் முருகேசன். கரூரில் என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நான் படித்து, துணி வியாபாரத்துக்கு வந்து, இப்போது துபாயில் ஓட்டல்களுக்கான படுக்கை விரிப்பு, திரைச்சீலைத் துணி வாங்கும் வேலையில் இருக்கிறேன். அவன் ஐ.டி.ஐ. முடித்து ஓமானில் எலக்ட்ரீஷியன். பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை, பாலைவனத்துக்குள் எண்ணெய் வயல்களில் சைட், கேம்ப் வாழ்க்கை. பீடி, சிகரெட், பாக்கு எதுவும் கிடையாது.

போன அக்டோபரில் நான் வடக்கே குமாவுன் மலைக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று பதிவு எழுதினேன். துணிக்காரன் என்பதால் கஞ்சாச் செடியின் நாரில் நெய்யும் ஹெம்ப் துணி மேல் எனக்கு ஒரு கிறுக்கு. லினனை விட உழைக்கும், துவைக்கத் துவைக்க மெதுவாகும். அதைத் தேடிப் போனவன் செடியிடமே மயங்கிவிட்டேன். கஞ்சாச் செடி என்றால் நம் ஊரில் போலீஸ் ஜீப்தான் ஞாபகம் வரும். அங்கே அது வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. நாருக்கு வளர்ப்பதை நெருக்கமாக விதைக்கிறார்கள். கிளை விடாமல் இரண்டு ஆள் உயரம் போகிறது. தண்டை ஊறவைத்து உரித்துக் கயிறும் தானியச் சாக்கும் செய்கிறார்கள். விதைக்கு வளர்ப்பது குட்டை, புதர் மாதிரி விரியும். போதைக்கு என்று வளர்ப்பது பெண் செடியின் பூவுக்காக. அதன் பிசின்தான் சரக்கு. பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். விதையை வறுத்து, சீரகமும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்த சட்னி எல்லா வீட்டிலும் உண்டு. சேப்பங்கிழங்குக் குழம்பில் அதைத்தான் அரைத்து விடுகிறார்கள். ஹோலிக்கு இலையைப் பாலில் அரைத்துக் குடிப்பது வேறு கதை.

"விதையில் போதையே கிடையாது, அது வெறும் உணவு" என்று அந்தப் பதிவில் எழுதினேன். இந்தியச் சட்டமும் விதையைக் கஞ்சாவாகக் கணக்கெடுப்பதில்லை. அந்தத் தைரியத்தில் ஒன்றரைக் கிலோ விதை வாங்கிப் பெட்டியில் போட்டு துபாய்க்கே கொண்டு வந்துவிட்டேன். விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மட்டும் மாட்டியிருப்பேன். இப்போது அதுதான் நல்லதாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஜனவரி ஒன்றாம் தேதி சத்வாவில் எங்கள் ஃப்ளாட்டில் அந்தச் செடிக்கு ஒரு விருந்து வைத்தேன். மேசையில் ஹெம்ப் துணி விரிப்பு, சுவரில் நான் எடுத்த படங்கள், மலைச் சட்னி, சேப்பங்கிழங்குக் குழம்பு. எட்டுப் பேர் வந்தார்கள். வகை வகையாக விளக்கம் சொன்னேன்; என் மனைவி கவிதா, "சாப்பிட விடுங்க அவங்கள" என்று அதட்டும்வரை விடவில்லை. முருகேசன் இரண்டு நாள் லீவில் வருவதாக இருந்தவன், பஸ் கிடைக்காமல் விருந்து முடிந்த மறுநாள்தான் வந்தான். அவன் கிளம்பும்போது ஒரு கிலோ ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இட்லிப் பொடி கொடுத்தேன். மிச்ச விதையை உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாயோடு வறுத்து நானே திரித்தது. என்ன சேர்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. "சாப்டுட்டுச் சொல்லு, ஒரு ரகசியம் இருக்கு" என்றேன். பிறகு போனில் சொல்லி அவனை அசத்தலாம் என்று நினைப்பு.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். யார் எங்கே கிளம்பினாலும் கையில் ஒரு பாட்டிலைத் திணிப்போம். உள்ளே என்ன என்று வாங்குகிறவன் கேட்க மாட்டான். கேட்டால் அவமரியாதை.

ஜனவரி கடைசியில் முருகேசனிடமிருந்து போன். புது சைட்டுக்கு மாற்றுவதற்கு முன் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்களாம். "மாப்ள, எனக்குக் கஞ்சான்னு வந்திருக்குதுடா. எனக்கு ஒண்ணுமே புரியல. நான் அதைக் கண்ணால பாத்ததில்ல" என்றான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மலையில் அந்த விதையைக் கையால் தேய்த்துத்தான் உதிர்க்கிறார்கள். பூவின் பிசின் உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டியிருக்கும். நானே அதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். விதையில் இல்லாதது விதையின் மேல் இருந்திருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவன் கம்பெனியில் சொல்வான், அவர்கள் என்னைக் கேட்பார்கள், நான் துபாய்க்குள் எதைக் கொண்டு வந்தேன் என்று வரும். ஃப்ளாட், மகளின் பள்ளிக்கூடம், பதினான்கு வருட வேலை எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. "லேப்ல மாத்தி வெச்சிருப்பாங்க. இன்னொரு டெஸ்ட் கேளு" என்றேன். பத்து நாள் கழித்து இன்னொன்று எடுக்கச் சம்மதித்தார்கள். அதுவும் அப்படியே வந்தது. போலீசுக்குப் போகாமல் விசாவை ரத்து செய்து அனுப்புவதே பெரிய மனசு என்று கம்பெனியில் சொன்னார்களாம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். சத்வாவிலிருந்து தேராவுக்கு டாக்சி 28 திர்ஹாம். தனியார் பஸ் காலை ஏழரைக்கு. ஒருவழிக் கட்டணம் 110 திர்ஹாம், ஒரு நாள் முன்னதாகப் போய் வாங்கிவிடுவது நல்லது. மொத்தம் சுமார் 450 கிலோமீட்டர். இடது பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், சோகாருக்குப் பிறகு அவ்வப்போது கடல் தெரியும். ஒன்பது இருபதுக்கு ஹத்தா எல்லை. அமீரகத்தை விட்டு வெளியேற 35 திர்ஹாம், ஓமான் விசாவுக்கு நான் கட்டியது 5 ரியால்.

ஓமான் பக்கம் பஸ்ஸை நிறுத்தி, "பாய், சப் சாமான் நீச்சே, ஜல்தி" என்று, சாமான்களையெல்லாம் கீழே இறக்கச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போட்டார். பெட்டிகளை ஒரே வரிசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஒரு நாய் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு வந்தது. என் பையில் இரண்டு சட்டையும் பல் துலக்கும் பிரஷும்தான். இருந்தும் நாய் அதைத் தாண்டிப் போகும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. ஜனவரியில் முருகேசன் இதே இடத்தில் அந்தப் பாட்டிலோடு நின்றிருக்கிறான். நான் கொடுத்தது என்பதால் எந்தப் பயமும் இல்லாமல் நின்றிருப்பான். எல்லையில் மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது.

சோகாரில் பன்னிரண்டேகாலுக்குத் தேநீர், 200 பைசா. ரூவி பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி இரண்டு ஐம்பது. கடைகள் பாதி மூடிக்கிடந்தன. ஓமானி டாக்சிக்காரர் ஒருவர், "கம்பெனி ஆபீஸா? இன்னிக்கு மாஃபி. ஜும்ஆ. நாளைக்கும் மாஃபி" என்று, இல்லை என்பதுபோல் கையை விரித்தார். அமீரகத்தில் சனி, ஞாயிறு விடுமுறை. ஓமானில் வெள்ளி, சனி. முருகேசனிடம் உண்மையைச் சொன்ன கையோடு அவன் கம்பெனி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதில் வாக்கியம் கோத்துக்கொண்டு வந்தேன். அவனுடைய விமானம் எப்போது என்று எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். ஒரு நாள் முன்னதாக, வியாழன் வந்திருந்தால் அலுவலகம் திறந்திருக்கும். விடுமுறை நாள் எனக்கு மறந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன். பதினான்கு வருடம் வளைகுடாவில் இருப்பவனுக்கு இது மறக்காது.

அறை ரூவி ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால், மூன்றாவது மாடி. டாக்சிக்கு ஒரு ரியால். இரண்டு அடுக்குக் கட்டில்கள் நான்கு. மற்றவர்கள் தொழுகைக்கும் கடைக்கும் போயிருந்தார்கள். முருகேசன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வாடா மாப்ள. லீவு போட்டுட்டு என்னைய பாக்க வந்தது நீ ஒருத்தன்தான். இங்கிருக்கறவனுகளே மூஞ்சியத் திருப்பிக்கிறானுங்க" என்றான்.

தமிழ் மெஸ்ஸில் எட்டு இட்லி வாங்கி வைத்திருந்தான். தட்டில் நான்கை வைத்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தான். கால்வாசி மிச்சம் இருந்தது.

"கேம்ப் மெஸ்ல பருப்பும் ரொட்டியும் தின்னு நாக்கு செத்துப் போச்சு. இந்தப் பொடி இல்லேன்னா நான் அந்தப் பத்து நாளும் சோறே தின்னிருக்க மாட்டேன். கவலையில வேறெதுவும் எறங்கல. மூணு வேளையும் இதுதான். மிச்சத்த ஊருக்கு எடுத்துட்டுப் போறேன், பாப்பாவுக்குக் காட்டணும்."

நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்து என் தட்டில் வைத்தான். அதைத் தொடாமல் சொல்லிவிட்டேன். விதை, பிசின், மலை, விருந்து எல்லாம். நான் எழுதுவது போல அழகாக வரவில்லை. முன்னுக்குப் பின் வந்தது. பெட்டியில் அந்தப் பாட்டிலோடு விமான நிலையம் போகாதே என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

அவன் கோபப்படுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

"நீ முதல்ல போன் பண்ணினப்பவே."

"ரெண்டாவது டெஸ்டுக்கு முன்னாடியே."

"ஆமா."

"அதத் திங்காதடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. காரணம்கூடச் சொல்ல வேண்டாம்."

"பொடி கெட்டுப் போயிருக்கும், கொட்டிடு" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். என்னையும் காத்துக்கொண்டு அவனையும் காத்திருக்கலாம். அந்தப் பத்து நாளும் நான் என்னைப் பற்றி மட்டும் யோசித்ததால் அதுகூடத் தோன்றவில்லை.

கழிப்பறையில் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டான். பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து என் பையில் வைத்தான். இட்லியை நாங்கள் இருவருமே சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு எழுதுகிறேன், வேலை திரும்பக் கிடைக்குமா பார்ப்போம் என்றேன்.

"கலாஸ்டா, விசா முடிஞ்சு போச்சு. எழுதணும்னா எழுது. ஆனா வேலைய விடு. ஊர்ல கஞ்சா கேசுல மாட்டிட்டான்னு பேசறாங்களாம். எங்க மாமனார் வீட்டுல கேக்கறாங்களாம். பாப்பா பத்தாவது படிக்குது. அவங்க உன் மெயிலையா படிக்கப் போறாங்க? நீ எழுதற பயணக் கதையத்தான் ஊர்ல எல்லாரும் வாட்ஸப்புல அனுப்பி அனுப்பிப் படிக்கறாங்க. அதுல எழுது. பஸ் காசு, டீக் காசெல்லாம் போட்டு எப்பவும்போல எழுது, அப்பத்தான் கடைசி வரைக்கும் படிப்பாங்க. என் பேர மாத்தாத."

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு விமான நிலையத்துக்கு டாக்சி, 8 ரியால். அவன்தான் கொடுத்தான், என்னைக் கொடுக்க விடவில்லை. திருச்சி விமானம் ஒன்று பத்துக்கு. உள்ளே போகும்போது கையாட்டவில்லை, தலையை மட்டும் அசைத்தான். திரும்ப வந்த பஸ்ஸில் எந்த ஜன்னல் எனக்குக் கிடைத்தது என்று நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு எழுதினேன், என் பெயர், வேலை, தொலைபேசி எண்ணோடு. இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை. கவிதாவிடமும் சொல்லிவிட்டேன். நாங்கள் இங்கே எத்தனை நாள் இருப்போம் என்று எங்களுக்கே தெரியாது.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: விதையோ எண்ணெயோ உடம்பில் தடவும் தைலமோ, ஊரில் சட்டப்படி சரி என்பதற்காக அந்தச் செடியின் எதையும் வளைகுடாவுக்குள் கொண்டு வராதீர்கள். கசகசாவும் அப்படியே, அதற்கும் இங்கே தடை. நீங்கள் செல்லும் நாட்டின் தடைப் பட்டியலைக் கிளம்புமுன் பாருங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். யார் பாட்டில் கொடுத்தாலும் உள்ளே என்ன என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அலுவலக வேலை இருந்தால் ஓமானுக்கு வியாழனுக்குள் போய்விடுங்கள்.

குமாவுன் பற்றிய மூன்று பதிவுகளையும் நீக்கவில்லை. அந்தச் செடி மேல் இப்போதும் எனக்குக் கோபமில்லை. "வெறும் உணவு" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, இந்தப் பதிவின் இணைப்பை அங்கே வைத்திருக்கிறேன்.

கரூரில் இதைப் படிப்பவர்கள் வாட்ஸப்பில் அனுப்பும்போது தயவுசெய்து இந்தக் கடைசி வரியோடு அனுப்புங்கள்: முருகேசன் கஞ்சாவைக் கண்ணால் பார்த்ததில்லை, இட்லிப் பொடியில் கலந்து அவனுக்குக் கொடுத்தது நான், தெரிந்தும் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்.