கதவில்லாத தெருவின் தபால்காரி

எங்கள் லிவோர்னோ துறைமுக நகரில் ஒரு தெரு இருக்கிறது. அதில் வீடு கிடையாது, கதவு கிடையாது, சொல்லப்போனால் தெருவே கிடையாது. முகவரி இல்லாவிட்டால் மருத்துவரும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை என்பதால், வீடிழந்தவர்களுக்காக நகராட்சி காகிதத்தில் மட்டும் போட்டுவைத்த தெரு அது. பெயர் வியா லாந்தெர்னா. எல்லாருக்கும் ஒன்றாம் நம்பர் வீடுதான். அவர்களுக்கு வரும் கடிதங்கள் எங்கள் உதவி மையத்துக்கு வந்துசேரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரெஸ்தே, அதாவது நான், அவற்றைத் தட்டுகளில் பிரித்து வைப்பேன். ஆள் வந்து பெயர் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பேன்.

தபாலைக் கொண்டுவருகிறவள் நிவேஸ் பார்தோலி. முப்பது வருடமாகத் தபால்காரி. எந்தத் தெருவில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் கடிப்பாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடல் நடுவே இருக்கும் கோர்கோனா சிறைத்தீவில் பிறந்தவள். அப்பா அங்கே காவலர். "நான் ஜெயில்ல பொறந்தவ, எங்கிட்ட வச்சுக்காதே" என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது அந்தத் தெருவில் நாற்பது பேர். இப்போது முன்னூற்றெழுபது. குடியிருப்பவர்களைக் கிளப்பிவிட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு அறை விட்டால் நல்ல காசு, வீட்டுக்காரர்கள் விடுவார்களா? வீடிழந்த பெண்களுக்கான விடுதியில் பன்னிரண்டு கட்டில்தான், காத்திருப்பவர்கள் நூற்றுக்கு மேல். கட்டில் காலியானால் கடிதம் வரும். வந்த பத்து நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். பொல்லாத விதிதான். ஆனால் ஒரு கட்டிலும் சும்மா கிடக்கக் கூடாதே.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நிவேஸ் பையைக் கவுன்டரில் தொப்பென்று போட்டாள்.

"யோவ் ஒரெஸ்தே, உன் தெரு என் முதுகை ஒடிக்குதுய்யா. கதவு ஒண்ணுகூட இல்ல, கடுதாசி மட்டும் மூட்டை மூட்டையா வருது."

"கதவு இருந்தா நாய் இருக்கும். சந்தோஷப்படு தாயே."

பிரித்துக்கொண்டே வந்தவன், விடுதி முத்திரை போட்ட ஒரு கடிதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"ஏ நிவேஸ், இங்க பாரு! உன் பேர்லயே ஒருத்தி நம்ம தெருவுக்குக் குடிவந்திருக்கா. நிவேஸ் பார்தோலி! சொந்தக்காரியா?"

அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். "ஊர்ல பாதிப் பேர் பார்தோலிதான்."

"பாத்துக்கோ. நாளைக்கு நீயும் வந்து 'என் கடுதாசி எங்கய்யா'ன்னு வரிசையில நிக்கப் போறே!"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், என்னைவிட உரக்கவே. பெயரை வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் மையத்தின் முதல் விதி. என் வாய்க்கு எந்த விதி கட்டுப்பட்டிருக்கிறது?

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். முன்பெல்லாம் பையைக் கொட்டிவிட்டுக் காப்பிக்கு ஓடுகிறவள், இப்போது சும்மா நின்றாள். ஒருநாள் எங்கள் குழாயில் பல் தேய்த்தாள். கேட்டதற்கு, பல்லில் கடலைமாவு அடை மாட்டிக்கொண்டது என்றாள். இன்னொரு நாள், "அந்த லெட்டரை யாராச்சும் வாங்கிட்டாங்களா?" என்றாள்.

"எந்த லெட்டரு?"

"ஒண்ணுமில்ல, விடு."

நானும் விட்டுவிட்டேன். மடையன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நகராட்சியிலிருந்து பட்டியல் வந்தது. தெருவில் புதிதாகப் பதிந்தவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதையும் அவள்தான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிரித்துப் படித்தேன். பார்தோலி, நிவேஸ். பிறந்த இடம், கோர்கோனா தீவு.

கைதிகளும் காவலர்களும் தவிர ஆளில்லாத அந்தத் தீவில் எத்தனை நிவேஸ் பார்தோலி பிறந்திருக்க முடியும்? நிமிர்ந்து பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"வீட்டுக்காரன் கட்டடத்தையே வித்துட்டான். அரைநாள் வேலைச் சம்பளம், தனிப் பொம்பள. யாரு வீடு தருவா?"

"எங்க படுக்குற?"

"காருலதான். கால மடக்கிக்கிட்டா போதும்."

தட்டிலிருந்து கடிதத்தை எடுத்தேன். வந்த தேதியை நானே குத்தியிருந்தேன். பத்தாம் நாள் நேற்று. விடுதிக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்குக் காலையில அடுத்தவங்களக் கூப்பிட்டாச்சுங்க. அந்தம்மா பெட்டியோட வந்தே சேந்துட்டாங்க" என்றது குரல்.

எனக்கு அவள்மீதே ஆத்திரம் வந்தது. "உன் பையிலதான வந்துச்சு! வழியிலயே எடுத்திருக்கலாமே!"

"பையில இருக்குறத வழியில எடுக்கக் கூடாது ஒரெஸ்தே. முப்பது வருஷத்துல ஒண்ணக்கூட எடுத்ததில்ல."

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"கேக்கத்தான் தெனமும் வந்து நின்னேன். அன்னைக்கு நீ சிரிச்சே, நானும் சேந்து சிரிச்சுட்டேன். சிரிச்ச வாயால எப்படிய்யா கேக்குறது?"

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தைப் பிரிக்காமலே கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். இன்னும் நான்கு தெருவுக்குத் தபால் இருக்கிறது என்று பையை மாட்டிக்கொண்டு போனாள்.