குடிக்காதவனின் ஈரல்

எங்கள் மாடு கன்று போட்டது மழை விடாத ஒரு பின்னேரம். கன்றின் முன்கால்கள் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டன. தலவாக்கலையிலிருந்து மிருக வைத்தியர் எங்கள் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும்வரை மாடு தாங்காது. சட்டையைக் கழற்றிவிட்டு நானே இழுத்தேன். கன்றுக்கு மூச்சில்லை, அதன் மூக்கில் வாய் வைத்து ஊதினேன். பின்னால் விழுந்த இளங்கொடியையும் வெறுங்கையால்தான் அள்ளிப் புதைத்தேன். கன்று எழுந்து நின்றபோது நானே பெற்ற மாதிரி ஒரு பெருமை.

சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. தலை பிளக்கும், பிறகு வேர்த்துக் கொட்டும், வேர்வை அடங்கியதும் உடம்பு மிதக்கத் தொடங்கும். பனிமூட்டம் எங்கள் லயத்துக் காம்பராவுக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. என் போர்வை முழுக்கத் தேயிலை துளிர்த்தது. முகம் தெரியாத பெண்கள் கூடையோடு வந்து அதில் கொழுந்து பறித்தார்கள். அசைந்தால் கோபித்துக்கொள்வார்களோ என்று நான் அசையாமல் கிடந்தேன். அந்த மிதப்பில் மிக இனிமையானது ஒன்று உண்டு. என் மனைவி அடிக்கடி குனிந்து தன் முகத்தை என் முகத்தருகே கொண்டுவந்தாள். இவளுக்கு இத்தனை ஆசை எங்கிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். எங்கள் தோட்டத்தில் ஈரல் கெட்டது என்றால் சாராயம்தான், வேறு பேச்சே கிடையாது. பார்க்க வந்தவர்கள் என் கையில் தோடம்பழத்தைக் கொடுத்துவிட்டு என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை நான். அவளுடைய அப்பா குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். குடிக்காதவன் என்பதற்காகத்தான் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெயரும் போய்விட்டால் அவளிடம் எனக்கு வேறென்ன மிஞ்சும்?

டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். முதல் நாள் கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

"உண்மைய சொல்லுங்க. குடிப்பீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க டொக்டர். காய்ச்சல் வந்த நாள்லேருந்து நானும் இவரு வாய மோந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். வாசமே வரலீங்க."

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மிதப்பெல்லாம் அங்கேயே பொத்தென்று விழுந்தது.

"வீட்டுல ஆடு மாடு இருக்கா? இப்ப கிட்டத்துல கண்ணு ஏதும் போட்டுச்சா?" என்று கேட்டார் டொக்டர். நான் ஊதிய கதையைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். கியூ காய்ச்சல் என்று முடிவு வந்தது. கன்று போடும் மாட்டிடமிருந்து மூச்சு வழியாகத் தொற்றி ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். மாத்திரை சாப்பிட்டால் ஈரல் பழையபடி ஆகிவிடும் என்றார்.

அதைக் கேட்டதும் என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நான் பிழைத்துவிட்டேன் என்பதற்கான அழுகை மட்டுமல்ல அது. எனக்குக் கோபமும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"இத்தன வருசமா ஒன்னா இருக்கோம். என்னய நம்பலியா நீ?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பாவ எங்கம்மா கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டுத்தாங்க இருந்தாங்க" என்றாள்.