காப்புக்கு முந்தின கெண்டை மீன்

மீன் முள் எடுப்பதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கெண்டையின் சதைக்குள் ஒளிந்திருக்கும் பொடி முள்ளைக்கூட விரல் நுனியால் தடவிப் பார்த்தே உருவிவிடுவேன். அப்படிப்பட்ட என் தொண்டையில்தான் முள் ஏறியது. அதுவும் எந்த ஞாயிற்றுக்கிழமை? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு என்று இருக்கிற ஞாயிற்றுக்கிழமை.

காப்புக் கட்டுக்கு முந்தின ஞாயிறு செல்லூரில் எங்கள் சந்து முழுக்க மீனும் கறியும் மணக்கும். கையில் காப்பு ஏறிவிட்டால் எட்டு நாளைக்குக் கவுச்சி கிடையாது என்பதால் அம்புட்டையும் அன்றைக்கே தின்று தீர்த்துவிடுவோம். மறுநாள் வீட்டைக் கழுவி, மீன் சட்டியைப் பரணில் ஏற்றிவிடுவோம். அந்த வருடம் நான் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன்.

நேர்ந்தது என் வீட்டுக்காரர் கைக்காக. முந்தின ஆடியில் திருமங்கலம் ரோட்டில் பைக்கோடு சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடும் விரல்கள் அவை. இப்போது சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியிருந்தது. வெளியே சிரித்துச் சிரித்துப் பேசுவார். வீட்டுக்குள் வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கு வயிறெரியும். ஆத்தா, இந்த விரலை மட்டும் திருப்பிக் கொடு, வர்ற திருவிழாவுக்கே பால்குடம் எடுத்து வாரேன் என்று ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவர் தட்டில் இருந்த கெண்டையை உதிர்த்து முள் எடுத்துக்கொண்டிருந்தேன். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறவர் முள்ளுக்கு என்ன செய்வார்? என் கவனம் பூராவும் அந்தத் தட்டில். நடுவில் என் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன், பார்க்காமலே. சுருக்கென்றது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பக்கத்து வீட்டில் இருக்கிற என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, ஓடி வந்து வெறுஞ்சோற்றை எலுமிச்சை அளவு உருட்டி உருட்டிக் கொடுத்தார். மெல்லாமல் விழுங்கினேன். ஒன்பது உருண்டை. பிறகு இரண்டு வாழைப்பழம். உருண்டை போகப்போகக் குத்தலும் கூடியது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் முட்டியது.

திங்கட்கிழமை வீடு கழுவும்போது நாத்தனார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“இந்த வருசம் நீ காப்புக் கட்ட வேணாம்மா. வயித்துக்குள்ள போயிருந்தா கரைஞ்சிருக்கும். தொண்டையில நிக்கிறது கவுச்சிதான?”

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது பயம்தான் தெரிந்தது. கவுச்சியோடு காப்புக் கட்டி, அந்தக் குற்றம் தம்பி கையில் போய் விடிந்துவிட்டால்? அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அது எனக்கும் தொற்றிக்கொண்டது. அதற்காக விட்டுவிட முடியுமா? நேராகப் பூசாரியிடம் போய்க் கேட்டேன். காப்புக்கு முந்தித் தின்றதற்குக் குற்றமில்லை, தொண்டையில் நிற்பதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை என்று தலையைச் சொறிந்தார். முள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் தாராளமாகக் கட்டிவிடுவதாகச் சொன்னார்.

செவ்வாய் காலையில், நான் கணக்கு டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். நாத்தனாரும் கூடவே வந்தார், என்னை நம்பாமல். டாக்டர் என் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டு, தொண்டையைத் திரையில் காட்டினார். முள் இல்லை. சிவப்பாக ஒரு கீறல் இருந்தது. முள் போகிற போக்கில் கீறிவிட்டது, அதன்மேல் சோற்றை உருட்டி உருட்டித் தள்ளி நாங்களே புண்ணாக்கிவிட்டோம். முள் இறங்காமல் குத்தி நின்றிருந்தால் உருண்டை அதை இன்னும் ஆழமாக ஏற்றியிருக்கும், இனிமேல் அந்த வேலை செய்யாதீர்கள் என்று கண்டித்தார். உருண்டை பிடித்தவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கு உறுத்தல் இருக்கும், ரொம்ப வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் காப்புக் கட்டினேன்.

உறுத்தல் போனதா என்றால் இல்லை. இட்லியைப் பாலில் ஊறவைத்துத் தின்றேன். வகுப்பில் பேசாமல் போர்டில் எழுதியே கணக்கு நடத்தினேன். தினமும் காலையில் நாத்தனார் வாசலில் வந்து நின்று குத்துகிறதா என்று கேட்பார். குத்துகிறது, ஆனால் முள் இல்லை என்பேன். குத்தினால் முள்தானே என்பார். ராத்திரி படுத்தால் எனக்கே சந்தேகம் வரும், கேமராவுக்கும் தப்பிய முள் ஒன்று இருக்குமோ என்று. காலையில் எழுந்து, திரையில் பார்த்த கீறலை நினைத்துக்கொண்டு பல் விளக்குவேன்.

பால்குடத்தன்று வைகைக் கரையிலிருந்து குடத்தோடு கிளம்பினேன். வழக்கமாக என் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு ‘ஓம் சக்தி’ என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நேர்த்திக்கடன் என்றாலே கிண்டல் பேசுகிற மனிதர் என் வீட்டுக்காரர். அவர்தான் கூடவே நடந்து வந்து எனக்கும் சேர்த்துக் கத்தினார். நாத்தனார் பின்னாலிருந்து ‘பராசக்தி’ என்றார். குடம் சிந்தாமல் கோயில் போய்ச் சேர்ந்தது.

உறுத்தல் பத்தாம் நாள் போயே போய்விட்டது. விரல்கள் அப்படிச் சட்டென்று வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பாஞ்ச் பந்தை அவர் காலையும் மாலையும் அமுக்கிக்கொண்டே இருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆத்தா பாதி, பந்து பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, திரும்பக் கெண்டை வாங்கிக் குழம்பு வைத்தேன். வழக்கம்போல அவர் தட்டை இழுத்தேன். அவர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வலது கையால். மீனை உதிர்த்து, ஒவ்வொரு முள்ளாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இரண்டு முள் நழுவி விழுந்தன, திரும்ப எடுத்தார். சோறு ஆறிப்போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எம்புட்டுக் கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

“பாத்துட்டேன். இப்பத் தின்னு,” என்றார்.

முதல் வாயிலேயே நாக்கில் ஒரு பொடி முள் தட்டுப்பட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளைக் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஒண்ணுகூட இல்லைங்க என்றேன். அவர் தண்ணீர் எடுக்க எழுந்தபோது அதைத் துப்பி, முந்தானையில் முடிந்துகொண்டேன்.